சீரியஸ் என்று சொன்னால்

மாலை நாலு மணிக்கு போன் வரும். வீடியோ கால். போனை அய்யாவின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை வலிக்கும். மாற்றிப் பிடிப்பேன்.

பாகூரில் தனகோட்டி அய்யா வீட்டில் அப்போது வேலை. குளிப்பாட்ட வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், கஞ்சியும் மருந்தும் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்த நான், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். இது நான் போன மூன்றாவது வீடு.

அய்யாவுக்கு ஈரலில் கட்டி. இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மனைவி இல்லை. ஒரே மகன் ஞானவேல், ஸ்காட்லாந்தில். கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை. மூன்று வாரம் கடல், மூன்று வாரம் கரை.

ஒருமுறை வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனார். போகும்போது கேட் வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, இன்னொரு தடவதான் என்னால வர முடியும். அது எப்பன்னு நீங்கதான் சொல்லணும். சீக்கிரம் சொல்லிட்டீங்கன்னா வந்துட்டுத் திரும்பிப் போயிடுவேன், அப்பால வர முடியாது. லேட்டா சொல்லிட்டீங்கன்னா..."

நான் சரி என்றேன்.

அவர் கடலில் இருக்கும்போது நினைத்த நேரத்தில் பேச முடியாது. அவர் மனைவி ஹெலன்தான் பேசுவார். ஹெலன் அந்த ஊர்ப் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் ஆறாவது வரை போனவன்.

"ஹவ் இஸ் ஹி டுடே?" என்று கேட்பார்.

"ஃபைன் மேடம்" என்பேன்.

முதல் வாரம் முழுக்க இதுதான்.

ஃபைனும் ஓகேயும்

ஒரு நாள் போன் வந்த நேரத்தில் அய்யா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் பேசின், ஒரு கையில் போன். ஹெலன் கேட்டார். நான் ஃபைன் என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"ஃபைன்? ஆர் ஓகே?"

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

மருந்து வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனபோது நூர்ஜகானிடம் கேட்டேன். கடை அவர் மாமனாருடையது. நூர்ஜகான் மருந்துக்குப் படித்தவர். பாகூரில் பாதிப் பேருக்கு டாக்டர் எழுதியதைப் படித்துச் சொல்வது அவர்தான். பேச்சில் சும்மா விடமாட்டார்.

"ஃபைன்னா நல்லாக்கீறாருன்னு அர்த்தம், கன்னியப்பண்ணே. ஓகேன்னா ஏதோ ஓடுது. நல்லா இல்லாதவங்களுக்குத்தான் ஓகே போடுவாங்க."

"ரெண்டும் ஒண்ணு இல்லியா?"

"அண்ணி கொழம்பு எப்டி இருக்குன்னு கேட்டா ஓகேன்னு சொல்லிப் பாருங்க. ராத்திரி சோறு கெடைக்குதான்னு பாக்கலாம்."

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். இங்கிலீஷ் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதுவேன். ஒன்றின் கீழ் ஒன்று. கனமானது மேலே, லேசானது கீழே.

"இன்னாடா எழுதிகினே கீற?" என்பார் அய்யா.

"இங்கிலீஷ் அய்யா."

"இன்னும் எத்தினி நாளிக்கு நான் இருப்பேன்னு நெனைக்கிற? அதுக்குள்ள படிச்சி முடிச்சிடுவியா?"

சிரிக்கவும் செய்வார். வலிக்கும். நிறுத்திவிடுவார்.

இறக்கிச் சொல்கிறவர்கள்

ஹெலன் ஒரு நாள் தன் தோட்டத்தைக் காட்டினார். வீட்டுச் சுவர் தெரியாத அளவுக்குப் பூ. கரும்பும் நெல்லும் தவிர வேறு எதையும் மதிக்காத அய்யாவே, "யப்பா" என்றார். ஹெலன் தோளைக் குலுக்கி, "நாட் பேட்" என்றார். மோசமில்லையாம்.

இன்னொரு நாள் அவரே காய்ச்சலில் கிடந்தார். மூக்கு சிவந்து, கண் வீங்கி, எழுந்து உட்கார முடியவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நாட் கிரேட்" என்றார். பிரமாதம் இல்லையாம்.

நூர்ஜகானிடம் சொன்னேன். "அவங்க அப்டித்தாண்ணே, எதையும் ஒரு படி கொறச்சிதான் சொல்லுவாங்க" என்றார். நோட்டில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு படி மாற்றி எழுதினேன்.

இன்னொரு கேள்வியும் கேட்பார் ஹெலன். "ஹவ் இஸ் ஹி?" என்று கேட்டு, நான் பதில் சொன்ன பிறகு, "அண்ட் ஹவ் இஸ் ஹி இன் ஹிம்செல்ஃப்?" என்பார். முதல் கேள்வி உடம்பைப் பற்றியது. இரண்டாவது அந்த மனுஷனைப் பற்றியது. வலி இருக்கலாம், ஆனால் ஆள் தெம்பாக இருக்கிறாரா என்று. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி இரண்டாகப் பிரித்துக் கேட்டதில்லை.

நாமும் இறக்கிச் சொல்கிறவர்கள்தான். சாவு விஷயத்தில்.

வெளியூரில் இருக்கிறவனுக்கு, "அப்பா செத்துட்டாரு" என்று நாம் போன் பண்ணமாட்டோம். தனியாக வரவேண்டும், வழியில் உடைந்துவிடுவான். அதனால், "அப்பாவுக்கு சீரியஸ், உடனே கெளம்பி வா" என்போம். கேட்கிறவனுக்கும் தெரியும். சொல்கிறவனுக்கும் அவனுக்குத் தெரியும் என்று தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானே எத்தனையோ பேருக்கு இப்படி போன் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் உடம்பைத் துணியால் மூடி வைத்துவிட்டு.

வேட்டி காய்ந்த நேரம்

எனக்கும் அப்படி ஒரு போன் வந்தது.

அப்போது திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊர் காட்டேரிக்குப்பம். மச்சான் விடிகாலையில் மேஸ்திரிக்கு போன் போட்டிருந்தார். அப்பாவுக்கு சீரியஸ், உடனே அனுப்புங்கள் என்று.

மேஸ்திரி என் தோளில் கை வைத்துச் சொன்னார். கூட இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது.

அழவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். கொள்ளி வைக்க வேண்டும். இருந்த ஒரு வெள்ளை வேட்டி அழுக்காக இருந்தது. துவைத்துப் போட்டேன். அது காய்கிற வரைக்கும் காத்திருந்தேன். குளித்தேன். ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினேன். செத்தவர் காத்திருப்பார் என்று நினைத்தேன்.

விழுப்புரத்தில் இறங்கினேன். எடுக்கிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியாது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். சால்னா நன்றாக இருந்தது. அதுவும் நினைவிருக்கிறது.

ஊருக்குப் போனபோது மணி ஐந்து. அப்பா செத்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

மச்சான் பொய் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொல்லியிருந்தார். அப்பா சீரியஸாக இருந்தார், வா என்றார். நான்தான் அதை வேறாக எடுத்துக்கொண்டேன்.

"மூணு மணி வரைக்கும் வாசலத்தான் பாத்துகினு இருந்தாரு" என்றாள் அக்கா. "கன்னியப்பன் வந்துட்டானான்னு கேட்டுகினே இருந்தாரு." பிறகு, "சாப்ட்டியாடா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எந்தச் சொல்லும் தாங்கவில்லை

ஐப்பசி மழை ஆரம்பித்தபோது அய்யாவுக்குத் தெம்பு குறைய ஆரம்பித்தது. பேச்சு குறைந்தது. பாதி நேரம் தூக்கம். ஆனால் காது கேட்டது. வெளியே மோட்டார் ஓடுகிற சத்தம் நின்றால் கண்ணைத் திறப்பார். கரண்டு போய்விட்டதா என்று கேட்பார். வயலைக் குத்தகைக்கு விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. ஞானவேல் கடலில் இருந்தார். ஹெலனிடம்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வது?

நோட்டைப் பார்த்தேன். நாட் கிரேட் என்றால் காய்ச்சல் என்று நினைப்பார். சீரியஸ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நூர்ஜகானிடம் போனேன். "கிரிட்டிக்கல்னு சொல்லுங்க. சீரியஸ விட அது மேல" என்றார்.

"ஆஸ்பத்திரில கிரிட்டிக்கல்னு போர்டு மாட்டி ஆறு மாசம் கெடந்தவர நான் தொடச்சி விட்டிருக்கேம்மா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எப்டி இருக்காருன்னு சொல்லாதீங்கண்ணே. இன்னா பண்றாருன்னு சொல்லுங்க."

அன்று நாலு மணிக்கு போன் வந்தது.

"ஹவ் இஸ் ஹி டுடே?"

நான் ஸ்பூனைத் தூக்கிக் காட்டினேன்.

"மேடம், ஃப்ரைடே டென் ஸ்பூன். எஸ்டர்டே ஃபைவ் ஸ்பூன். டுடே டூ ஸ்பூன்."

அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"வாட்டர் நோ. காட்டன்" என்று, பஞ்சை நனைத்து அய்யாவின் உதட்டில் வைத்துக் காட்டினேன். போர்வையை விலக்கிப் பாதத்தைக் காட்டினேன். வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது. குழி அப்படியே நின்றது.

"ஐ சீ" என்றார் ஹெலன். கொஞ்ச நேரம் கழித்து, "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றார்.

இந்த இரண்டுக்கும் நூர்ஜகான் முன்பே வித்தியாசம் சொல்லியிருந்தார். முதலாவது காதில் விழுந்துவிட்டது என்பது. அடுத்தது உள்ளே இறங்கிவிட்டது என்பது. போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

கடலிலிருந்து

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். தெரியாத நம்பர். ஞானவேல்.

"அண்ணே." குரல் உடைந்திருந்தது. "எப்ப ஆச்சு?"

"எது தம்பி?"

"அப்பா போனது."

யார் சொன்னது என்று கேட்டேன்.

ஹெலன் அவர் ஆபீசுக்குச் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் மேடைக்குச் சொல்லியிருக்கிறது. டாட் இஸ் சீரியஸ், கம் நௌ. நான் வாயில் எடுக்காத சொல்லை ஹெலன் சொல்லிவிட்டார். அவர் உள்ளதைத்தான் சொன்னார். என் மச்சான் மாதிரி. ஆனால் கேட்டவர் பாகூர்க்காரர்.

"இருக்காரு தம்பி" என்றேன்.

"எல்லாரும் இப்டித்தாண்ணே சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா ஊரு வழக்கம்? அம்மாவுக்கும் இதத்தான சொன்னாங்க, சீரியஸுன்னு? வந்து பாத்தா ஐஸ் பொட்டிக்குள்ள இருந்தாங்க."

"இல்ல தம்பி..."

"தோ பாருங்கண்ணே. இன்னைக்கு ஒரு ஹெலிகாப்டர் போவுது. அதுல எடம் இல்ல. எவனாவது எறங்கினாதான் நான் ஏற முடியும். கேக்கலாம்னா ஒருத்தன்தான் இருக்கான், அவனும் வூட்டுக்குத்தான் போறான், கொழந்த பொறந்திருக்குது. செத்தவருக்காக அவன இன்னான்னு எறங்கச் சொல்றது? எனக்கு சனிக்கெழமதான் முறை. நீங்க எடுத்துடுங்க. வெச்சிக்காதீங்க. பங்காளி யாரையாவது கொள்ளி வெக்கச் சொல்லுங்க."

அன்று செவ்வாய்க்கிழமை.

என் கண்ணுக்கு அந்த வேட்டிதான் தெரிந்தது. கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, வெக்காதீங்க. லைன்ல இருங்க."

போனை அய்யாவின் காதோரம் வைத்தேன். "அய்யா, வேலு பேசறாரு" என்றேன். கண் திறக்கவில்லை. தோளைத் தட்டினேன். "அய்யா, வேலு." மூச்சு மட்டும் வந்தது. அந்தப் பக்கம் ஞானவேல் அழுதுகொண்டிருந்தார். "வுடுங்கண்ணே, வாணாம்" என்றார்.

குனிந்து, வயலில் கூப்பிடுகிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"அய்யா! கரண்டு வந்துடுச்சு!"

கண் திறந்தது.

"மோட்டார போட்டியா?" என்றார் அய்யா.

"இன்னும் போடல அய்யா."

"போய்ப் போடுறா. நின்னுகினு கீறான் பாரு, சோம்பேறி."

போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் காற்று அடிக்கிற ஓசை மட்டும். பிறகு ஞானவேல், "அண்ணே, வெச்சிடறேன்" என்றார். ஓடுகிறவர் குரல்.

குழந்தை பிறந்தவன் எதுவும் கேட்காமல் இறங்கிக்கொண்டானாம். பிறகு சொன்னார்.

நாலு ஸ்பூன்

வியாழக்கிழமை விடியற்காலையில் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினார். அய்யா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாடா எளச்சிட்ட?" என்றார்.

அன்று கஞ்சியை ஞானவேல் கொடுத்தார். அவருக்குப் பழக்கம் இல்லை. கழுத்தெல்லாம் சிந்தியது. நான் துணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணிக்கு போன் வந்தது. வழக்கம்போல என்னிடம்தான் கேட்டார் ஹெலன்.

"ஹவ் இஸ் ஹி டுடே?"

"ஃபோர் ஸ்பூன் மேடம். ஞானவேல் கிவ்."

"அண்ட் ஹவ் இஸ் ஹி இன் ஹிம்செல்ஃப்?"

திரும்பிப் பார்த்தேன். அய்யா மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக இருந்த சுருக்கம் நெற்றியில் இல்லை.

"ஃபைன்" என்றேன்.

அந்தச் சொல்லை நான் சரியாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அய்யா போனார். ஞானவேல் பக்கத்தில் இருந்தார். நான் கால்மாட்டில் இருந்தேன். தாடையைக் கட்டினேன். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன்.

பங்காளிகள் வந்தார்கள். அய்யாவின் தங்கை பட்டம்மா மதகடிப்பட்டில் இருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டும். பங்காளி ஒருவர் என்னிடம் போனை நீட்டினார்.

"பட்டம்மாவுக்கு சீரியஸுன்னு சொல்லிக் கூப்புடுப்பா. பொம்பள, சுகர் வேற. பாதி வழியில வுழுந்து கிழுந்து வெக்கப் போவுது."

நான் போனை வாங்கவில்லை. ஞானவேல் வாங்கினார்.

"அத்தே, வேலு பேசறேன். அப்பா எறந்துட்டாரு. காலையில ஏழு மணிக்கு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

போனுக்குள்ளிருந்து வந்த அழுகை அறை முழுக்கக் கேட்டது. பங்காளி தலையில் அடித்துக்கொண்டார். ஞானவேல் வைக்கவில்லை. அழுது முடிகிற வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தே, எடுக்க சாயங்காலம் ஆவும். சாப்புடு. மாத்திரையப் போடு. அப்பால மெதுவா வா. அவசரமில்ல. மெதுவா வா."

பட்டம்மா பகல் இரண்டு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். விழவில்லை. வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்து அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தார். நெடுநேரம் அழுதார். ஓய்ந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினாள். பட்டம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வாணாம்மா. சாப்ட்டுத்தான் வந்தேன்."

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் எதுவும் நினைக்கவில்லை.

நான் மட்டும் கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.